புல்லிலிருந்து பெயின்ட் வரை: டென்னிஸ் தரையின் கதையும் நம் கோர்ட்டும்



நம் டென்னிஸ் கோர்ட்டை என்ன செய்வது என்று வரும் பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் அது ஒரே வரி. வாட்ஸ்அப் குழுவிலோ அந்த ஒரு வரிக்கு மூன்று பதில்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. "மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் போதும்" என்கிறார்கள் சிலர். "செயற்கைப் புல் போட்டுவிடுங்கள், அப்புறம் பராமரிப்பே வேண்டாம்" என்கிறார்கள் வேறு சிலர். "விளையாடுவது பத்துப் பேர், பார்க்கிங் இல்லாமல் தவிப்பது அதைவிட அதிகம் பேர்" என்ற குரலும் கேட்கிறது.

இந்த இதழுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது இதையே எடுத்துக்கொண்டேன். எந்தத் தரை நல்லது என்ற இந்த விவாதம் டென்னிஸ் உலகில் கிட்டத்தட்ட 150 ஆண்டுகளாக நடக்கிறது. புல்லைப் போட்டார்கள், செங்கல் பொடியைப் போட்டார்கள், சிமென்ட், தார், ரப்பர் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தரையை மாற்ற வைத்த காரணங்களில் விளையாட்டைவிட வலுவானது ஒன்று உண்டு: தினமும் அதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வெயில் எப்படி அடிக்கிறது என்பதுதான் அது. இந்த மூன்று கேள்விகளும் நம் வளாகத்துக்கும் பொருந்தும் என்பதால், கைதூக்கும் முன் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ரோலர் ரிப்பேருக்காக ஒரு போட்டி

டென்னிஸ் புல்தரையில் பிறக்க இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. முதலாவது புல்வெட்டும் இயந்திரம். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை புல்லை அரிவாளால் அறுத்தார்கள், அல்லது ஆடுகளை மேயவிட்டார்கள். இரண்டாவது, கெட்டிப்படுத்திய ரப்பர். சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் 1844இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பழைய அரண்மனை டென்னிஸில் பயன்பட்ட, உள்ளே துணியும் முடியும் அடைத்த பந்து புல்லில் எழும்பாது. ரப்பர் பந்து எழும்பியது.

1874இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்ற ராணுவ அதிகாரி வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார். வீட்டுப் புல்வெளியில் விரித்துக்கொள்ளலாம் என்பதுதான் விளம்பரம். அவருடைய கோர்ட் மணற்கடிகாரம்போல நடுவில் ஒடுங்கி இருந்தது. இன்று நாம் விளையாடும் செவ்வக அளவு 1877இல் விம்பிள்டனில் வந்தது. அந்த முதல் போட்டியில் 22 பேர் கலந்துகொண்டார்கள், ஸ்பென்சர் கோர் என்பவர் வென்றார். போட்டி நடத்தியதற்கான காரணம் நம் சங்கத்து வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு உடனே புரியும். கிளப்பில் குதிரைக்குட்டி இழுக்கும் ஒரு ரோலர் இருந்தது, அதை ரிப்பேர் செய்யப் பணம் இல்லை. அந்தப் பணத்தைத் திரட்டத்தான் போட்டி அறிவிக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். உலகின் மிகப் பழைய டென்னிஸ் போட்டி ஒரு பராமரிப்புச் செலவில் பிறந்தது.

புல்லுக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும் தெரியுமா? போட்டி நாட்களில் விம்பிள்டனில் தினமும் புல்லை வெட்டி 8 மி.மீ. உயரத்தில் வைக்கிறார்கள். 2001இலிருந்து அங்கே முழுக்க ரை புல் ஒன்றை மட்டுமே விதைக்கிறார்கள். அதற்கு முன் அதோடு 30 சதவீதம் ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு வகை கலந்திருந்தது. இன்றைய வீரர்களின் கால் தேய்ப்பை அந்தக் கலப்பு தாங்கவில்லை. போட்டி முடிந்ததும் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி விதைக்கிறார்கள். நடு அரங்கத்தில் ஆட்டம் நடப்பது கிட்டத்தட்ட அந்த இரண்டு வாரம்தான், மற்ற நாட்களில் புல் ஓய்வெடுக்கிறது. புறாக்கள் விதையைத் தின்னாமல் விரட்ட ரூஃபஸ் என்ற பருந்தை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பால்கனிகளுக்கும் ஒன்று கேட்கலாம்.

சிவப்பு மண், உண்மையில் செங்கல்

புல்லின் தோல்வி வெயிலில் தொடங்கியது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரர்களான வில்லியம், எர்னஸ்ட் ரென்ஷா சகோதரர்கள் தென் பிரான்சின் கான் நகரில் 1880 வாக்கில் விளையாடினார்கள். அங்கே புல் கருகியது. பக்கத்து வல்லோரிஸ் மண்பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே உடைந்து கழிக்கப்பட்ட பானைகளைப் பொடித்து, புல்லைக் காப்பாற்ற மேலே தூவினார்கள் என்று சொல்லப்படுகிறது. புல்லைக் காக்கப் போட்ட பொடியே நாளடைவில் தரையாகிவிட்டது.

பாரிஸின் ரோலான் காரோஸ் அரங்கம் 1928இல் டேவிஸ் கோப்பைப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு "செம்மண் தரை" என்கிறோம். அங்கே சிவப்பாகத் தெரிவது செங்கல் பொடி, அதுவும் 1 முதல் 2 மி.மீ. கனம்தான். அதற்குக் கீழே சில அங்குலம் நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரி எரிந்த கசடு, ஜல்லி, பெரிய கல் என்று அடுக்குகள் இறங்குகின்றன. சுண்ணாம்புக்கல் அடுக்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மேலே அனுப்புகிறது. அந்த ஈரம்தான் பொடியைக் கட்டிப்போடுகிறது. காய்ந்தால் பொடி காற்றில் பறக்கும், ஈரம் மிஞ்சினால் பந்தில் ஒட்டிக் கனக்கும். அதனால் தண்ணீர் தெளிப்பது, வலையை இழுத்துச் சமன் செய்வது, கோடுகளைப் பெருக்குவது, இரவில் மூடுவது எல்லாம் அன்றாட வேலை. நடால் 14 முறை பட்டம் வென்ற அந்தத் தரை ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரர் உண்டு. சாணத்தைக் கரைத்து மெழுகிய மண் கோர்ட்டுகளில் விளையாடிப் பழகியவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வாசல் தெளித்து மெழுகுவதில் இருக்கும் அதே அறிவுதான் அது. சாணம் மண்ணைப் பிணைத்துப் புழுதியை அடக்கும். ஆனால் நல்ல மழை ஒன்று வந்தால் மறுபடி மெழுக வேண்டும். மெழுகும் கை இருந்தவரை அந்தக் கோர்ட்டுகள் இருந்தன.

தோட்டக்காரர் இல்லாத ஊரில் டென்னிஸ்

புல்லுக்கும் மண்ணுக்கும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். அதனால் நெடுங்காலம் டென்னிஸ் கிளப்புகளின், பணக்கார வீடுகளின் விளையாட்டாகவே இருந்தது. அதை உடைத்தது கெட்டித் தரை. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், நகராட்சிப் பூங்காக்களில் சிமென்ட்டிலும் தாரிலும் கோர்ட் போட்டார்கள். காலையில் யாரும் வந்து தண்ணீர் தெளிக்க வேண்டாம், மழை விட்டதும் கொஞ்ச நேரத்தில் ஆடலாம். லாஸ் ஏஞ்சலஸ் பூங்காவில் தானே ஆடிக் கற்றுக்கொண்டார் பாஞ்சோ கோன்சாலஸ். லாங் பீச்சின் பொதுக் கோர்ட்டுகளிலிருந்து வந்தார் பில்லி ஜீன் கிங். காம்ப்டனின் பொதுக் கோர்ட்டுகளிலிருந்து வந்தார்கள் வீனஸும் செரீனாவும். கிளப் உறுப்பினர் அட்டை இல்லாத குழந்தைகள் கையில் மட்டையைக் கொடுத்தது இந்தத் தரைதான்.

பெரிய போட்டிகள் இந்தப் பக்கம் வர நாளாயிற்று. 1974 வரை நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்று புல்லில்தான் நடந்தன. நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கிளப்பில் புல் மோசமாக இருக்கிறது என்று வீரர்கள் புகார் சொல்ல, 1975இல் அமெரிக்க ஓபன் பச்சைநிறக் கல்பொடித் தரைக்கு மாறியது. மூன்று ஆண்டு அதில் ஓடியது. 1978இல் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவுக்குப் போய் கெட்டித் தரைக்கு மாறியது. ஜிம்மி கானர்ஸ் 1974இல் புல்லிலும், 1976இல் கல்பொடியிலும், 1978இல் கெட்டித் தரையிலும் அதே பட்டத்தை வென்றார். ஐந்தே ஆண்டுக்குள் ஒரு போட்டிக்கு மூன்று தரை.

நம் சென்னையும் இந்த வரிசையில்தான் வருகிறது. ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது புல்லில். சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்தது கெட்டித் தரையில். இன்று பெரும்பாலான அடுக்குமாடி வளாகங்களிலும், நம் வளாகத்திலும் இருப்பது இதே வகைதான். இதைத் தேர்ந்தெடுத்த பில்டர் போட்ட கணக்கும் பூங்கா நகராட்சி போட்ட அதே கணக்குதான்: தனியாக ஓர் ஆள் வைக்க வேண்டியதில்லை.

வெயிலும் நிறமும் சொன்ன பாடம்

"லேட்டஸ்ட் மெட்டீரியல் சார், உலகத்தரம்" என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால் உங்களுக்கு இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

முதலாவது மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓபன் 1987 வரை கூயோங்கில் புல்லில் நடந்தது. 1988இல் புதிய அரங்கத்துக்குப் போனபோது ரப்பர் மெத்தை கலந்த ரீபவுண்ட் ஏஸ் என்ற தரையைப் போட்டார்கள். முழங்காலுக்கு இதம் என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கடும் வெயிலில் அது பிசுபிசுத்து ஷூவைப் பிடித்தது. கணுக்கால் பிசகும் என்று வீரர்கள் முறையிட்டார்கள். 2008இல் வேறு தரைக்கு மாறினார்கள். நம் சித்திரை வெயிலை மெல்போர்னின் ஜனவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மாட்ரிட். 2012இல் அங்கே செங்கல் பொடிக்கு நீலச்சாயம் ஏற்றினார்கள். மஞ்சள் பந்து டிவியில் பளிச்சென்று தெரியும் என்பது காரணம். பந்து தெரிந்தது, வீரர்கள் வழுக்கினார்கள். நடாலும் ஜோகோவிச்சும் இப்படியே இருந்தால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்றார்கள். மறு ஆண்டு சிவப்புக்கே திரும்பினார்கள். நம் குழுவில் நீலமா பச்சையா என்று ஓட்டெடுப்பு நடத்தும் யோசனை வந்திருக்கிறது. தாராளமாக நடத்தலாம், ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

நம் கோர்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது

கோடுகளுக்குள் கோர்ட்டின் அளவு 78 அடிக்கு 36 அடி. ஓடி ஆட விடும் இடத்தையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. அடியில் இறுக்கிய மண்ணும் ஜல்லியும், அதன்மேல் தார் அல்லது கான்கிரீட், அதன்மேல் அக்ரிலிக் பூச்சு. நாம் "பெயின்ட்" என்று சொல்லும் அந்தப் பூச்சு பல கோட்டுகள் சேர்ந்தும் சில மி.மீ.தான். அதில் மெல்லிய சிலிக்கா மணல் கலந்திருக்கும். கால் பிடிப்பதும் பந்து எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது என்பதும் அந்த மணலைப் பொறுத்தது. பேஸ்லைன் பக்கம் மணல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால், பார்வைக்கு நிறம் நன்றாக இருந்தாலும் தரையின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்தில் குழந்தைகள் விழுவது அங்கேதான்.

அடுத்தது சரிவு. கோர்ட் முழுவதும் ஒரே பக்கமாக, நூறு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிந்திருக்க வேண்டும். 60 அடி அகலத்தில் அது சுமார் 7 அங்குலம், கண்ணுக்குத் தெரியாது, ஆட்டத்தையும் கெடுக்காது. இது இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். கோர்ட் கட்டுபவர்கள் தேங்கும் இடங்களைப் பறவைகள் குளிக்கும் தொட்டி என்று கேலியாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தரை முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகும் எங்காவது ஒரு நாணயத்தை மூழ்கடிக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 2 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனைக்கு நமக்கு எந்த நிபுணரும் வேண்டாம். ஒரு ஹோஸ் பைப்பும் ஒரு சாக்பீஸும் போதும்.

நம் கோர்ட்டின் வடக்கு மூலையில் மழைக்கு மறுநாளும் தண்ணீர் நிற்பதைப் பால்கனியிலிருந்து பார்த்திருப்பீர்கள். காலையில் ஹவுஸ்கீப்பிங் அம்மா துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் தள்ளும் அந்த ஒரு மணி நேரம் எந்தக் கொட்டேஷனிலும் வராது. தண்ணீர் நின்ற இடத்தில் பாசி பிடிக்கிறது, பூச்சு உப்பி உரிகிறது, விரிசலுக்குள் நீர் இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது. அதன்மேல் புதுப் பூச்சு அடித்தால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பழைய படமே திரும்பத் தெரியும். விரிசலும் அப்படித்தான். கீழே அடித்தளம் அசைந்துகொண்டிருந்தால், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அதே கோட்டில் மறுபடி பிளக்கும்.

செயற்கைப் புல்லுக்குப் பராமரிப்பே வேண்டாமா?

செயற்கைப் புல் 1960களில் அமெரிக்காவில் வந்தது. ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் உள்ளரங்கத்தில் உண்மையான புல் வளராமல் போனதால், 1966இல் அங்கே விரித்த பிறகு பிரபலமானது. டென்னிஸுக்கு விரிப்பது குட்டையான, நெருக்கமான இழை, இடையில் மணல் நிரப்புவார்கள். அந்த மணல்தான் இழையை நிமிர்த்தி வைக்கிறது, பந்தை ஒரே மாதிரி எழும்ப வைக்கிறது. மணல் ஒரு பக்கம் ஒதுங்காமல் அடிக்கடி பிரஷ் போட வேண்டும், குறைந்தால் நிரப்ப வேண்டும், இலைதழையை அள்ள வேண்டும். நிழலில் பாசி பிடிக்கும், மே மாத மதியத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரெங்கும் வாடகைக்கு விடும் ஃபுட்பால் டர்ஃபின் நீள இழையில் டென்னிஸ் பந்து சரியாக எழும்பாது. "எல்லா விளையாட்டுக்கும் ஒரே டர்ஃப்" என்று யாராவது சொன்னால், டென்னிஸை விட்டுவிடச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அடித்தளச் சரிவு இதற்கும் தேவை. நம் வடக்கு மூலைத் தண்ணீர் புல்லுக்கு அடியிலும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

பொதுக்குழுவுக்கு வரும் முன்

பார்க்கிங் கேட்பவர்களின் சிரமம் பொய்யில்லை, அதைத் தனியாகப் பேசியாக வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பந்தடிக்க வருபவர்கள் பத்துப் பேராக இருக்கலாம். சாயங்காலம் அந்த 7,200 சதுர அடியைச் சுற்றி நடப்பவர்கள், பெஞ்சில் உட்காருபவர்கள், வலைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே ஆட்டம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரையும் எண்ணினால் கணக்கு மாறும். பூங்கா கோர்ட்டுகளின் கதை நமக்குச் சொல்வது அதைத்தான்.

கோர்ட்டை வைத்துக்கொள்வது என்று முடிவானால் என் யோசனைகள் இவை.

முதலில் தண்ணீர்ச் சோதனை செய்து, தேங்கும் இடங்களை வரைபடமாகக் குறித்துக்கொள்வோம். கொட்டேஷன் தருபவர்களிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, அடித்தளச் சீரமைப்புக்குத் தனியாகவும் பூச்சுக்குத் தனியாகவும் விலை கேட்போம். மொத்தமாக ஒரே எண் சொல்பவர்களிடம் எதற்கு எவ்வளவு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டாம். மழை முழுவதும் ஓய்ந்த பிறகு, ஜனவரிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. புதுக் கான்கிரீட் போட்டால் 28 நாள் ஆற வேண்டும், அதற்கு முன் பூச்சு அடித்தால் பிடிக்காது. அந்த நாட்களில் "எப்போது திறப்பீர்கள்" என்று செயலாளரைத் துரத்தாமல் இருப்பது நம் பங்கு.

அக்ரிலிக் பூச்சு பொதுவாக 4 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. நம் வெயிலுக்கு குறைந்த எண்ணையே கணக்கில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்தச் செலவை ஆண்டுகளால் வகுத்து, மாதப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து சின்கிங் ஃபண்டில் சிறுகச் சிறுக ஒதுக்கினால், இன்னொரு பொதுக்குழுவில் திடீர் வசூல் என்று சண்டை வராது.

கடைசியாக, காசு செலவில்லாத வேலைகள். கோர்ட்டில் சைக்கிள், ஸ்கேட்டிங் வேண்டாம். தரையில் கறை போடாத ஷூ மட்டும் போட்டு ஆடுவோம். பொங்கல் விழாப் பந்தலுக்குத் தரையில் ஆணி அடிப்பது, கூர்முனைக் கால் நாற்காலி போடுவது, தீபாவளிக்கு அங்கே பட்டாசு கொளுத்துவது எல்லாம் பூச்சைக் குத்தும், பொசுக்கும். கழுவும்போது மென்மையான பிரஷும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும், அதிக அழுத்த வாட்டர் ஜெட் மணலோடு பூச்சையும் பெயர்த்துவிடும். வாரம் ஒருமுறை இலைகளை அள்ளிவிட்டால் கறை பிடிக்காது. ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் வேலை அட்டவணையில் கோர்ட்டுக்கென்று நேரம் எழுத்தில் ஒதுக்குங்கள். தண்ணீர் தள்ள அகலமான ரப்பர் வைப்பர் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். துடைப்பத்தால் ஒரு மணி நேரம் தள்ளுவதை அது பத்து நிமிடத்தில் முடித்துவிடும்.

தண்ணீர்ச் சோதனையைப் பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விளையாட்டுக் குழு சம்மதித்திருக்கிறது. ஆடாதவர்களும் வாருங்கள், பார்க்கிங் கேட்பவர்கள் கட்டாயம் வாருங்கள். சாக்பீஸ் நாங்கள் கொண்டுவருகிறோம்.